ரூஸ்வெல்ட்டின் ஆறாவது விரல்

மொனாக்கோ 1947-ல் வெளியிட்ட ஒரு தபால்தலையைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் இன்றும் சிரித்துப் பேசிக்கொள்வார்கள். மறைந்த அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மேசை முன் உட்கார்ந்து தன்னுடைய தபால்தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம். முகம் நன்றாகவே அமைந்திருக்கிறது. லென்ஸை எடுத்து இடது கைக்கு வந்தால்தான் சங்கதி தெரியும். விரல்களை எண்ணிப் பார்த்தால் ஆறு வரும்.

அச்சான பிறகு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் ரூஸ்வெல்ட் உயிரோடு இருந்து அந்தப் படத்தின் மாதிரி அவர் மேசைக்கு வந்திருந்தால் அந்த ஆறாவது விரல் தப்பித்திருக்காது. பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்கத் தபால்தலைகளின் மாதிரிகளை வாங்கிப் பார்த்து, பென்சிலால் திருத்தி, சில சமயம் தானே கோடு போட்டு வரைந்து கொடுத்தவர் அவர். அவர் காலத்தில் வந்த 200-க்கும் மேற்பட்ட தபால்தலைகள் அவர் ஒப்புதலோடு வந்தவை.

அவர் இறந்த பிறகு பல நாடுகள் அவர் முகத்தைத் தபால்தலையில் போட்டன. கிரேக்கம் கறுப்பு விளிம்பு கட்டி வெளியிட்டது. நிகரகுவா அவரைச் சேகரிப்பாளராகக் காட்டியது. அமெரிக்காவே நான்கு தபால்தலைகள் கொண்ட வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் அவருடைய அரசியல் வாழ்க்கையைத் தபால்தலைகளில் படிக்க வேண்டுமென்றால் நான் அவற்றுக்குப் போகமாட்டேன். அவர் முகம் எங்குமே இல்லாத, அவர் கையிலிருந்து புறப்பட்ட தலைகளில்தான் அந்தக் கதை இருக்கிறது.

ஏன் முகம் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு பழைய கூத்து உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சில்லறைக் காசு பதுக்கப்பட்டுப் புழக்கத்திலிருந்து மறைய, மக்கள் தபால்தலைகளையே காசாகக் கொடுத்து வாங்கினார்கள். அதைத் தொடர்ந்து அரசு சிறு மதிப்பில் காகிதச் சில்லறை அச்சிட்டது. அதில் ஐந்து சென்ட் தாள் ஒன்றில் கருவூலத்தில் அச்சுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி தன் முகத்தையே போட்டுவிட்டார். நாடாளுமன்றம் கொதித்தது. உயிரோடிருக்கும் யாருடைய படமும் நாட்டின் பணத்தில் வரக்கூடாது என்று 1866-ல் சட்டம் வந்தது. தபால் துறையும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அரசர் அரியணை ஏறியதும் அவர் தலை தபால்தலையில் ஏறும் நாடுகள் நிறைய இருந்த காலம் அது. அமெரிக்காவிலோ அதிபராக இருந்தாலும் செத்தால்தான் தபால்தலை.

ரூஸ்வெல்ட்டுக்கு இந்தப் பித்து எட்டு வயது வாக்கில் பிடித்தது. தாய்வழிக் குடும்பமான டெலானோக்கள் சீன வணிகத்தில் இருந்தவர்கள். அம்மா சாரா சிறுமியாக ஹாங்காங்கில் இருந்தபோது தொடங்கிய சேகரிப்பு, மாமா பிரெடெரிக் கைக்குப் போய், அங்கிருந்து மருமகனுக்கு வந்தது. 1921-ல், 39 வயதில், இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் செயலிழந்தன. கப்பற்படைத் துணைச் செயலாளர், துணை அதிபர் வேட்பாளர் என்று ஓடிக்கொண்டிருந்த மனிதர் படுக்கையில் கிடந்தார். அந்த மாதங்களில் கையால் செய்யக்கூடிய வேலையாக ஆல்பம் இருந்தது. இடுக்கி, லென்ஸ், பசைத்துண்டு, ஒரு பலகை போதும். நடக்க வேண்டியதில்லை.

1933 மார்ச் மாதம் அதிபரானார். நாட்டில் வங்கிகள் மூடிக்கிடந்தன. அடுத்த மாதமே, ஏப்ரல் 19-ல், அவர் ஆட்சியின் முதல் தபால்தலை வந்தது. நியூபர்க் நகரில் வாஷிங்டன் தங்கியிருந்த வீட்டின் படம். நியூபர்க், ரூஸ்வெல்ட்டின் சொந்த ஊரான ஹைட் பார்க்கைப் போலவே ஹட்சன் நதிக்கரை ஊர்.

அக்டோபரில் வந்த தலைதான் அவர் கைவண்ணத்தை நேரடியாகக் காட்டுவது. தென்துருவத்துக்கு இரண்டாம் முறையாகப் புறப்பட்ட ரிச்சர்ட் பேர்டின் பயணத்துக்காக, உலக உருண்டையில் அவர் போன வழிகளைக் கோடிட்டு ரூஸ்வெல்ட் ஒரு படம் வரைந்து கொடுத்தார். அதைத் திருத்தி மெருகேற்றி மூன்று சென்ட் தலையாக அச்சிட்டார்கள். தலையின் விலை மூன்று சென்ட்தான். தென்துருவ முகாமின் முத்திரை வேண்டுமென்றால் மேலே 50 சென்ட் கட்ட வேண்டும். சேகரிப்பாளர்கள் கட்டினார்கள், உறைகள் மூட்டை மூட்டையாகப் போயின. கடைசியில் முத்திரை குத்துவதற்கென்றே ஒரு தபால் அதிகாரி அண்டார்க்டிகாவுக்குக் கப்பலேறி, பனிக்கடியில் இருந்த முகாமில் உட்கார்ந்து அந்த வேலையை முடித்துவிட்டு வந்தார். பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரத்தில் இது தேவையா என்று கேட்டவர்களுக்கு, ஒரு சேகரிப்பாளன் 50 சென்ட் கொடுக்கத் தயங்கமாட்டான் என்பது தெரியாது. ரூஸ்வெல்ட்டுக்குத் தெரிந்திருந்தது.

1934 மே மாதம் அன்னையர் தினத் தலை. இதற்கும் பென்சில் யோசனை அவருடையதே. ஓவியர் விஸ்லர் தன் தாயை வரைந்த புகழ்பெற்ற ஓவியம் அப்போது பாரிஸிலிருந்து அமெரிக்காவுக்குக் காட்சிக்கு வந்திருந்தது. அதை எடுத்து, மேலும் கீழும் வெட்டி, இடப்பக்கம் காலடியில் ஒரு பூந்தொட்டியைச் செருகித் தலையாக்கினார்கள். சாம்பலும் கறுப்புமாக, வெறுமையையே அழகாக்கியிருந்த ஓவியத்தில் பூந்தொட்டி! கலைஞர்கள் கண்டித்தார்கள், நியாயமான கண்டனம். ரூஸ்வெல்ட்டின் ரசனை சராசரி வீட்டுக் கூடத்தின் ரசனை. அதுவே அவருடைய அரசியல் பலமும்கூட. வானொலியில் அவர் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல் இருந்ததற்கும் இந்தப் பூந்தொட்டிக்கும் உறவு உண்டு என்று எனக்குத் தோன்றும்.

அதே ஆண்டு தேசியப் பூங்காக்களுக்கான பத்துத் தலைகள் வந்தன. ஒரு சென்ட்டுக்கு யோசெமிட்டி, இரண்டுக்கு கிராண்ட் கேன்யன், ஐந்துக்கு யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்று, பத்துக்கு கிரேட் ஸ்மோக்கி மலை. வேலையற்ற இளைஞர்களைக் காடு வளர்க்கவும் பாதை போடவும் அனுப்பிய திட்டத்தை அவர் முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தார். அந்த இளைஞர்கள் உழைத்த இடங்களில் இந்தப் பூங்காக்களும் அடக்கம். திட்டத்தின் பெயர் தலையில் இல்லை, இடம் மட்டும் இருக்கிறது. மூன்று சென்ட் தலை அன்று ஒவ்வொரு சாதாரணக் கடிதத்திலும் ஒட்டப்பட்டது. அதற்கு நிகரான சுவரொட்டி வேறு எது?

இந்த இடத்தில் ஒரு ஊழலைச் சொல்லியாக வேண்டும். தபால் துறை அன்று அமைச்சரவைப் பதவி. அதில் இருந்தவர் ஜேம்ஸ் ஃபார்லி, ரூஸ்வெல்ட்டின் தேர்தல் வேலைகளை முன்னின்று நடத்தியவர், தபால்தலை பற்றி ஒன்றும் அறியாதவர். புதுத் தலை அச்சாகும்போதெல்லாம் அச்சகத்துக்குப் போய், ஓரத் துளை போடாத, பசை பூசாத முழுத் தாள்களை முக விலை, அதாவது தலையில் அச்சிட்ட விலை மட்டும் கொடுத்து வாங்கிக் கையெழுத்துப் போட்டு, அதிபருக்கும் சக அமைச்சருக்கும் நண்பர்களுக்கும் பரிசாகக் கொடுத்துவந்தார். அவர் கணக்கில் அது அன்பளிப்பு. சேகரிப்பாளர் கணக்கில், துளையில்லாத தாள் என்பது வெளியில் யாருக்கும் கிடைக்காத அபூர்வப் பொருள், பல்லாயிரம் டாலர் பெறும் சொத்து. அப்படி ஒரு தாள் வெளிச்சந்தையில் தலைகாட்டியதும் ஊர் கொந்தளித்தது. நாடு பசியில் கிடக்கும்போது அமைச்சர் தன் நண்பர்களுக்குப் புதையல் பங்கிடுகிறார் என்று எதிர்க்கட்சியினர் பிடித்துக்கொண்டார்கள்.

தீர்வு எளிமையாக இருந்தது. 1935 மார்ச் 15 முதல், அப்படித் தாள் கொடுக்கப்பட்ட இருபது தலைகளையும் அதேபோல் துளையின்றிப் புதிதாக அச்சிட்டு, கேட்டவருக்கெல்லாம் முக விலைக்கே விற்றார்கள். அபூர்வம் ஒரே நாளில் மலிந்தது. ‘ஃபார்லியின் அசட்டுத்தனங்கள்’ என்ற பெயரில் இன்றும் அவை ஏலப் பட்டியல்களில் இருக்கின்றன. ஃபார்லியை அறியாமை என்று விட்டுவிடலாம். தாள்களை வாங்கி வைத்துக்கொண்ட அதிபரை அப்படி விட முடியுமா? துளையில்லாத தாளின் மதிப்பு என்னவென்று அந்த அறையில் யாருக்காவது தெரியுமென்றால் அது அவருக்குத்தான்.

1936 தேர்தல் ஆண்டு. பெண்களுக்கு வாக்குரிமை தந்த சட்டத்திருத்தத்தின் பதினாறாம் ஆண்டு நிறைவு நாளான ஆகஸ்ட் 26-ல் அந்த உரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனியின் படத்தோடு மூன்று சென்ட் தலை வந்தது. பதினாறு என்பது யாரும் கொண்டாடும் எண் அல்ல. நவம்பரில் வாக்குப்பதிவு என்பதை நினைத்துக்கொண்டால் எண் புரியும். அந்தத் தேர்தலில் 48 மாநிலங்களில் 46 அவருக்குக் கிடைத்தன. தபால்தலையால்தான் என்று சொல்ல நான் தயாரில்லை.

1938-ல் வந்ததைத்தான் அவர் செய்ததிலேயே அழகான காரியமாக நினைக்கிறேன். இறந்துபோன அதிபர்கள் அனைவரையும் வரிசையாகப் போடலாம் என்றார். கருவூலத் துறை போட்டி அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேல் படங்கள் குவிந்ததில், எலைன் ராவ்லின்சன் என்ற நியூயார்க் ஓவியர் 500 டாலர் பரிசை வென்றார். அலங்காரக் கொடி, சட்டம் எதுவும் இல்லாமல், பக்கவாட்டு முகம், பெயர், விலை என்று மட்டும் இருக்கும் அவருடைய அமைப்பு பழைய தலைகளுக்குப் பழகிய கண்ணுக்கு மொட்டையாகத் தெரிந்திருக்கும். இன்று பார்த்தால் அந்த மொட்டைதான் பிடிக்கிறது.

இதில் ரூஸ்வெல்ட்டின் விளையாட்டு விலையில் இருந்தது. முதல் அதிபருக்கு ஒரு சென்ட், இரண்டாமவருக்கு இரண்டு, மூன்றாமவரான ஜெஃபர்சனுக்கு மூன்று. பன்னிரண்டாவது அதிபர் யார் என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் பன்னிரண்டு சென்ட் தலையைப் புரட்டினால் போதும், சாக்கரி டெய்லர். 22 சென்ட் கிளீவ்லாந்து வரை கணக்கு பிசகவில்லை. அதற்குமேல் கிளீவ்லாந்தே தகராறு. அவர் 22-ஆவது அதிபர், தோற்று, நடுவில் ஒருவர் இருந்து, மறுபடியும் வென்று 24-ஆவது அதிபரும் அவரே. நடுவில் இருந்த பெஞ்சமின் ஹாரிசன் 23-க்குப் பதில் 24 சென்ட்டில் போய் உட்கார்ந்தார். பிறகு 25, 30, 50 என்று தாவி, ஐந்து டாலரில் கூலிட்ஜோடு வரிசை நின்றது.

அடுத்து ஹூவர் வரவேண்டும். உயிரோடிருந்தார், ஆகவே இல்லை. அதற்கடுத்தவர் ரூஸ்வெல்ட். 29 அதிபர்களின் முகங்களை ஒழுங்குபண்ணி அடுக்கிய மனிதரின் இடம் அந்த அடுக்கின் கடைசியில் காலியாகவே இருந்தது. அங்கே வர என்ன ஆக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

போர்க்காலத் தலைகள் வேறு தொனியில் பேசுகின்றன. 1940 அக்டோபரில், அமெரிக்கா இன்னும் போரில் இறங்காதபோதே, இரண்டு சென்ட் தலையில் விமான எதிர்ப்புப் பீரங்கி வந்துவிட்டது. சீனா ஜப்பானை எதிர்த்து நின்ற ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு 1942 ஜூலை 7-ல் லிங்கனும் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்சென்னும் ஒரே தலையில் வந்தார்கள், சீன எழுத்துகளோடு. முதல் நாள் விற்பனை டென்வர் நகரில். 1911-ல் புரட்சிச் செய்தி வந்தபோது சுன் யாட்சென் இருந்தது அங்கேதான். சேகரிப்பாளர் அல்லாத ஒரு அரசு இவ்வளவு மெனக்கெட்டு ஊர் தேடுமா என்பது சந்தேகம்.

1943 ஜூன் முதல் 1944 நவம்பர் வரை வந்த பதின்மூன்று கொடிகள் அவர் வெளியுறவுக் கொள்கையின் கச்சிதமான சுருக்கம். போலந்தில் தொடங்கி கொரியாவில் முடியும் வரிசை. எதிரியின் பிடியில் கிடந்த நாடுகளின் கொடிகள், அவற்றின் நிறங்களிலேயே. இடப்பக்கம் சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை, வலப்பக்கம் மண்டியிட்டு விலங்கை உடைக்கும் பெண். அரசு அச்சகத்தால் இத்தனை நிறம் போட முடியாமல் வேலை தனியார் நிறுவனமொன்றுக்குப் போனது. மதிப்பு எல்லாவற்றுக்கும் ஐந்து சென்ட். வெளிநாட்டுக் கடிதத்துக்கு ஒட்டவேண்டிய தொகை அது. உள்ளூர்க்காரன் பார்க்க அல்ல, உலகம் பார்க்க.

இந்த வரிசையில் இல்லாத கொடிகளும் பேசுகின்றன. நேச நாடான சோவியத் யூனியன் விழுங்கிய எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா இல்லை. நேச நாடுகளின் குடியேற்றங்கள் எவையும் இல்லை, இந்தியாவும்தான். விலங்கு யார் பூட்டியது என்பதைப் பொறுத்தது போலும்.

இந்த ஆண்டுகளில் அவர் எங்கே போனாலும் தபால்தலைப் பெட்டி கூடவே போனது. வெளியுறவுத் துறைக்கு வரும் அயல்நாட்டு உறைகள் வாரந்தோறும் அவருக்கு வந்து சேர்ந்தன. 1943 மே மாதம் மேரிலாந்து மலைமுகாமில் விருந்தாளியாக இருந்த சர்ச்சில், ரூஸ்வெல்ட் ஆல்பங்களை விரித்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் ஒட்டுவதை அரைமணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததைத் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பேச்சுக்குப் பெயர்போன சர்ச்சில் அரைமணி நேரம் வாய் திறக்காமல் இருந்தாரென்றால் அது பார்க்கத் தகுந்த காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

1945 ஏப்ரல் 12-ல் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் ரூஸ்வெல்ட் இறந்தார். ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கும் மாநாடு சான்பிரான்சிஸ்கோவில் ஏப்ரல் 25-ல் தொடங்க இருந்தது. அதற்கான ஐந்து சென்ட் தலைக்கு அவர் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தார். குறித்த நாளில் அது வெளிவந்தது. ‘ஐக்கிய நாடுகளை நோக்கி, ஏப்ரல் 25, 1945’ என்ற வரி. அதன் கீழே, மேற்கோளுக்குப் போடுவதுபோல், அவர் பெயர். படமில்லை, எழுத்து மட்டும். உயிரோடிருந்த பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்த விரதம் இறந்த பதின்மூன்றாம் நாள் முடிவுக்கு வந்தது.

பிறகு முகமும் வந்தது. ஜூன் 27-ல் ஊதா நிற மூன்று சென்ட், வெள்ளை மாளிகையோடு. ஜூலையில் பச்சை ஒரு சென்ட், ஹைட் பார்க் வீட்டோடு. ஜப்பான் பணிந்த பத்து நாளில், ஆகஸ்ட் 24-ல், சிவப்பு இரண்டு சென்ட், வார்ம் ஸ்பிரிங்ஸ் குடிலோடு. 1946 ஜனவரி 30, அவருடைய பிறந்தநாளில், நீல ஐந்து சென்ட், உலக உருண்டையும் அவர் தன் உரையில் சொன்ன நால்வகைச் சுதந்திரங்களும். அதே நாளில் அவர் முகம் பொறித்த பத்து சென்ட் நாணயமும் வந்தது. பிறந்த வீடு, ஆண்ட வீடு, இறந்த வீடு, சொன்ன சொல். அரசாங்கம் எழுதும் வாழ்க்கை வரலாறு இப்படித்தான் இருக்கும்.

வார்ம் ஸ்பிரிங்ஸ் அவர் வெந்நீர் ஊற்றில் கால்களுக்கு உயிர் தேடிப் போன ஊர். அந்த ஊரையே படமாக்கிய தலையிலும் தோளுக்குமேல் முகம் மட்டும்தான். நூற்றாண்டுக்கு 1982-ல் வந்த இருபது சென்ட் தலையில் திறந்த காரில் உட்கார்ந்து கையசைக்கிறார். காரின் கதவு மறைக்க வேண்டியதை மறைத்துவிடுகிறது. சக்கர நாற்காலி வரவில்லை. 1942 பிப்ரவரியில் அவர் கையெழுத்திட்ட ஆணையால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டதும் இந்தத் தலைகளில் வராது, வரவும் முடியாது. அந்தச் சமூகத்திலிருந்து படையில் சேர்ந்து போரிட்டவர்களுக்கு அமெரிக்கத் தபால் துறை தலை வெளியிட்டது 2021-ல்.

அவருடைய சொந்தச் சேகரிப்பு 1946-ல் நியூயார்க்கில் ஹார்மர் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனின் ஆல்பத்திலும் இருக்கக்கூடிய மலிவான தலைகள். அபூர்வத்துக்கு அவர் அதிகம் செலவழித்தவர் அல்ல. ஏலக்காரர்கள் ஆல்பப் பக்கங்களிலும் உறைகளிலும், இது ரூஸ்வெல்ட் சேகரிப்பிலிருந்து வந்தது என்று பின்பக்கம் ஒரு முத்திரை குத்தினார்கள். வாங்கியவர்கள் பணம் கொடுத்தது அந்தப் பின்பக்கத்துக்கு. இன்றும் ஏதாவது ஏலத்தில் அப்படி ஒரு பக்கம் வந்தால் விற்பவர் அதை முதலில் திருப்பித்தான் காட்டுகிறார்.